தட்டில் இல்லாத எண்

அச்சகத்தில் அவருக்கு வகுத்தலார் என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. நேரில் 'பிட்டர் அண்ணா'தான். இயந்திரங்களைப் பழுது பார்ப்பது அவர் உத்தியோகம். கண்ணில் பட்ட எண்ணையெல்லாம் வகுத்துப் பார்ப்பது அவர் குணம். மின்விசிறியின் வயிற்றில் பொறித்த எண், தண்ணீர் மீட்டர், மாத்திரை அட்டையின் ஓரத்தில் மங்கலாக அடித்திருக்கும் எண், எதையும் அப்படியே விட மாட்டார். மூன்றால் போகிறதா, ஏழால் போகிறதா என்று உதடு அசையும். வகுத்துப் பார்க்காத எண்ணை அவர் நம்புவதில்லை.

மனிதர்கள் விஷயத்திலும் ஏறக்குறைய இதே கதைதான். பால்காரர் சிரித்தால் பாலை முகர்ந்து பார்ப்பார். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பார். மற்றவர்கள் கழற்றி மாட்டிய இயந்திரத்தில் ஒரு திருகாவது தளர்ந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டே தேடுவார். பெரும்பாலும் தளர்ந்துதான் இருக்கும். அதனால் சந்தேகம் ஒரு கெட்ட குணம் என்று நினைக்க அவருக்கு வாய்ப்பே அமையவில்லை.

"என்னையும் எதாலயோ வகுத்துப் பாத்துட்டுத்தான் கட்டிக்கிட்டாரு," என்பார் அவர் மனைவி, வீட்டுக்கு வந்தவர்களிடம். "மீதி என்ன வந்துச்சுன்னு மட்டும் இன்னிக்கு வரைக்கும் வாயைத் திறக்கல."

இந்தப் பழக்கம் அவருக்குப் பள்ளிக்கூடத்தில் வந்ததல்ல. அச்சகத்துக்கு வருவதற்கு முன் அவர் பல்சக்கரம் வெட்டும் பட்டறை ஒன்றில் பல வருடம் இருந்தார். வட்டமான இரும்பைச் சுற்றிலும் ஒரே அளவான பற்களை வெட்ட வேண்டும். ஒரு பல் வெட்டியதும் அடுத்த பல்லுக்கு இரும்பை எவ்வளவு திருப்புவது என்பதைத் துளையிட்ட தட்டு ஒன்று சொல்லும். தட்டில் வட்டம் வட்டமாகத் துளைகள் இருக்கும். ஒரு வட்டத்தில் பதினேழு துளை, ஒன்றில் பத்தொன்பது, ஒன்றில் இருபத்து மூன்று என்று போய், பட்டறையில் இருந்த கடைசித் தட்டின் கடைசி வட்டம் நாற்பத்தொன்பதோடு முடிந்துவிடும்.

எனவே பட்டறைக்காரர்களுக்கு உலகத்து எண்களெல்லாம் மூன்றே வகை. தட்டிலேயே இருப்பவையும், அவற்றுக்குள் அடங்கும் இரண்டு, மூன்று, ஏழு போன்ற சிறு எண்களும் தட்டு எண். தட்டு எண்களைப் பெருக்கி உண்டாக்கக்கூடியவை கூட்டாளி எண். தட்டில் உள்ள எந்த எண்ணாலும் வகுபடாதவை ஒண்டிக்கட்டை. அறுபத்தொரு பல் வேண்டும் என்று யாராவது வந்து நின்றால், "அது ஒண்டிக்கட்டைங்க, நம்ம தட்டுல உக்காராது. அறுபதோ அறுபத்திரண்டோ வச்சுக்குங்க" என்று திருப்பி அனுப்புவார்கள். ஓர் எண்ணைச் சோதிக்கும்போது தட்டோடு நிறுத்திக்கொள்வது அங்கே எழுதாத சட்டம். தட்டைத் தாண்டி வகுத்து என்ன பிரயோஜனம்? வெட்டவா போகிறோம்?

வகுத்தலார் அந்த மூன்று வகையோடு நிற்கவில்லை. வகுக்கும் எண்களையெல்லாம் கூட்டினால் என்ன வரும் என்று தாமாகவே பார்த்தார். பத்தை விட்டுவிட்டால், பத்தை வகுப்பவை ஒன்று, இரண்டு, ஐந்து. கூட்டினால் எட்டுதான் வருகிறது, பத்துக்குக் குறைவு. பன்னிரண்டுக்குப் பதினாறு வந்து வழிகிறது. இருபத்தெட்டுக்கு ஒன்று, இரண்டு, நாலு, ஏழு, பதினாலு, மொத்தம் அதே இருபத்தெட்டு. குறைவுமில்லை, வழிவுமில்லை. இப்படி அமைவது அபூர்வம் என்று கண்டுகொண்டு, அடுத்ததைத் தேடித் தேடி நானூற்றுத் தொண்ணூற்றாறில் பிடித்தார். அதைப் பிடித்த அன்று வீட்டில் யாரையும் திட்டவில்லை என்று மனைவி சொல்வதுண்டு.

மனிதர்களையும் இந்த வகைகளில் போட்டு வைத்திருந்தார். முதலாளி கூட்டாளி எண், யார் வந்து எதைச் சொன்னாலும் அதற்கு வகுபட்டுப் போவார். தங்கை இருபத்தெட்டு. தங்கையின் கணவர் மட்டும் எதிலும் அடங்கவில்லை. அவர் இதே அச்சகத்தில் டோக்கன் அடிக்கும் இயந்திரத்தை ஓட்டுகிறவர். கல்யாணப் பேச்சின்போதே வகுத்தலாருக்கு அவரைப் பிடிக்கவில்லை. "கேட்ட கேள்விக்கெல்லாம் டக்கு டக்குன்னு பதில் வருது. யோசிக்கிறவனுக்கு அப்படி வராது" என்றார். "பொய் சொல்றவன்தான் யோசிப்பான்" என்று அம்மா முடித்து வைத்துவிட்டார். மாப்பிள்ளைக்கு எதற்கெடுத்தாலும் சிரிப்பு. பட்டறையில் இவரோடு கொஞ்ச காலம் வேலை பார்த்து, தட்டு வித்தையெல்லாம் கற்றுக்கொண்டு, அலுத்துப் போய்ப் பாதியில் விட்டுவிட்டு வந்தவர் வேறு.

விவகாரம் அந்த டோக்கன் இயந்திரத்தில்தான் தொடங்கியது.

அலுவலகங்களில் வரிசைக்காகக் கிழித்துக் கொடுப்பார்களே, அந்த டோக்கன். ஒரு சுருளில் ஆயிரக்கணக்கில் வரும். ஒவ்வொன்றிலும் ஏழிலக்க எண், ஒன்றன்பின் ஒன்றாக ஏறிக்கொண்டே போகும். எங்கேயோ ஓர் அலுவலகத்தில் ஒரு டோக்கனில் எண் பாதி சரிந்து, கிழிக்கும் கோட்டுக்கு மேலே பாதியும் கீழே பாதியுமாக விழுந்திருந்தது. இரண்டு பேர் அந்த ஓர் எண்ணுக்குச் சொந்தம் கொண்டாடிச் சட்டையைப் பிடித்துக்கொண்டார்களாம். சுருள்கள் திரும்பி வந்தன. பிரித்துப் பார்த்தால் அதே மாதிரி சரிவு இன்னும் பல இருந்தன.

முதலாளி வகுத்தலாரைக் கூப்பிட்டு, சரிந்த டோக்கன்களை மேசைமேல் பரப்பினார்.

"பிட்டர், மெஷின் தப்பா, ஆள் தப்பா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க. மெஷின்னா நம்பர் பெட்டியைப் பிரிக்கணும். கம்பெனி சீலை உடைச்சோம்னா அப்புறம் அவன் எதுக்கும் பொறுப்பேத்துக்க மாட்டான். ஆள்னா ஆளை மாத்திட்டுப் போயிட்டே இருப்பேன். நீங்க சொல்றதுதான்."

ஆள் என்றால் யார் என்பதில் ஐயமில்லை. எண் அடிக்கும் வேலை காலை ஷிப்டில் மட்டும்தான். அதை ஓட்டுகிறவர் மாப்பிள்ளை. மதியத்துக்கு மேல் அதே இயந்திரத்தில் எண் இல்லாத வெறும் பட்டை ஓடும். மாப்பிள்ளையின் வேலை போனால் தங்கை வீட்டில் அடுப்பு எப்படி எரியும் என்பதும் வகுத்தலாருக்குத் தெரியும். அதனாலேயே அவசரப்படக் கூடாது என்று டோக்கன்களை அள்ளிக்கொண்டு தம் மூலைக்கு வந்தார்.

முதல் சரிவு 2316458இல் இருந்தது. அடுத்தது 2320545. அதற்கடுத்தது 2324632. கழித்துப் பார்த்தார். இரண்டு இடைவெளியும் 4087. வேறொரு நாளின் சுருளில் சரிவு 2341190இலும் 2345277இலும் இருந்தது. அங்கேயும் 4087. ஒரு நாளுக்குள் இடைவெளி பிசகவே இல்லை. ஆனால் ஒரு நாளின் கடைசிச் சரிவுக்கும் மறுநாளின் முதல் சரிவுக்கும் இடையே எந்தக் கணக்கும் ஒத்து வரவில்லை. ஒவ்வொரு காலையும் எங்கோ புதிதாக ஆரம்பித்தது.

'மெஷினுக்குப் பொழுது விடிஞ்சது எப்படித் தெரியும்?' என்று நினைத்தார். முதல் சந்தேகம் அங்கே முளைத்தது.

பிறகு 4087ஐ எடுத்துக்கொண்டார். பல் தேய்ந்த சக்கரம் சுற்றினால், பற்களின் எண்ணிக்கைக்கு ஒரு தரம் அது காட்டிக் கொடுக்கும். இரண்டு சக்கரம் சேர்ந்து செய்யும் தப்பு என்றால் இரண்டு எண்ணிக்கையும் பெருகி வரும். அதனால் தப்பின் இடைவெளியை உடைத்தால் சக்கரங்கள் வெளியே விழ வேண்டும். பட்டறையில் இப்படி எத்தனையோ இயந்திரங்களைத் திறக்காமலே நோய் சொல்லியிருக்கிறார். 4087 ஒற்றைப்படை. இலக்கங்களைக் கூட்டினால் பத்தொன்பது, மூன்றால் போகாது. ஐந்தால் போகாது. ஏழுக்கு மீதி ஆறு. பதிமூன்றுக்கு ஐந்து. பத்தொன்பதுக்கு இரண்டு, நூலிழையில் தப்பியது. நாற்பத்து மூன்றுக்கும் அதே இரண்டு. நாற்பத்தேழுக்கு நாற்பத்தைந்து. தட்டு முடிந்தது.

ஒண்டிக்கட்டை. நான்காயிரத்து எண்பத்தேழு பல் கொண்ட ஒரே சக்கரம் என்றால் அது அந்தக் கூடத்துக்குள்ளேயே நுழையாது. ஆகவே எந்தச் சக்கரமும் இந்த எண்ணைப் பெற்றிருக்க முடியாது. அப்படியென்றால் யாரோ ஒருவர் இதைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். இயந்திரத்தின் பக்கவாட்டில், வேண்டிய எண்ணிக்கை வந்ததும் மணி அடிக்கும் எண்ணும் கருவி ஒன்று உண்டு. அதில் 4087 வைத்து, மணி அடிக்கும்போது காகிதத்தை விரலால் லேசாக அழுத்தினால் போதும், எண் சரியும். எவ்வளவு தேடினாலும் காரணம் கிடைக்காத எண்ணாகப் பார்த்து வைக்கத் தெரிந்தவர் யார்? இந்த அச்சகத்தில் தட்டு வித்தை தெரிந்தவர்கள் இரண்டே பேர்.

மாப்பிள்ளைக்குக் காரணமும் இருந்தது. புது இயந்திரம் ஒன்று வரப்போவதாகப் பேச்சு. "இந்தக் கிழட்டு மெஷினைக் கடாசுனாத்தான் நமக்குப் புதுசு கிடைக்கும்" என்று அவர் எல்லோர் முன்னாலும் சொல்லிச் சிரித்ததை வகுத்தலார் தம் காதாலேயே கேட்டிருந்தார். உணவு இடைவேளையில் பக்கவாட்டுக் கதவைத் திறந்து குனிந்துகொண்டிருந்ததையும் பார்த்திருந்தார்.

இருந்தாலும் ஒரு தரம் முகத்தைப் பார்த்துவிடலாம் என்று இயந்திரத்தின் பக்கம் போனார். மாப்பிள்ளை மை துடைத்துக்கொண்டிருந்தார்.

"என்ன மச்சான், இன்னிக்கு எந்த எண்ணோட கழுத்தைத் திருகப் போறீங்க?"

"நாலாயிரத்து எண்பத்தேழு."

மாப்பிள்ளையின் கை நின்றது. சிரிப்பு மட்டும் கொஞ்சம் தாமதமாக நின்றது.

"அதுவா? அது ஒண்டிக்கட்டை மச்சான். நானும் தட்டித் தட்டிப் பாத்தேன், எந்தத் தட்டுலயும் உக்கார மாட்டேங்குது."

"எப்போ பாத்தீங்க?"

"போன வாரமே. சுருள் திரும்பி வந்த அன்னிக்கே."

"அப்போ ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நீங்க கேக்கல. கேக்காம நான் வந்து சொன்னா, 'இவன் ஏன் இதைச் சொல்றான்'னு அதையும் வகுக்க ஆரம்பிச்சுடுவீங்க."

வகுத்தலார் வேறு எதுவும் கேட்கவில்லை. கேள்விக்கு முன்பே பதில் தயாராக வைத்திருக்கிற ஆள். கல்யாணப் பேச்சன்று பார்த்த அதே ஆள்.

முதலாளியிடம் போய், "மெஷின் இல்லைங்க" என்றார்.

"அப்போ ஆளா?"

"ஆள்தான்."

"யாருன்னு..."

"நான் யார் பேரையும் சொல்லல முதலாளி."

அன்றே மாப்பிள்ளையை வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். விசாரித்து முடிகிற வரை வர வேண்டாம் என்றார்கள். என்ன விசாரணை, யார் விசாரிப்பார்கள் என்று ஒருவரும் சொல்லவில்லை.

மாலையில் தங்கை வந்தாள். செருப்பைக் கழற்றாமல் வாசற்படியிலேயே நின்றாள். அவளுக்குப் பின்னால், கேட்டைப் பிடித்துக்கொண்டு மாப்பிள்ளை.

"உள்ள வாங்க ரெண்டு பேரும்" என்றார் வகுத்தலாரின் மனைவி.

"இல்ல அண்ணி. அண்ணா, நீ உன் வாயால சொன்னியா?"

"நான் ஆளுன்னுதான் சொன்னேன். பேர் சொல்லல."

"அந்த மெஷினுக்கு எத்தனை ஆளு?"

வகுத்தலார் கேட்டின் தாழ்ப்பாளைப் பார்த்தார்.

"சொல்லு. எண்ணுன்னாதான் உனக்கு நல்லா வருமே. எத்தனை ஆளு?"

"அது தானா வர்ற எண் இல்லம்மா. எந்தச் சக்கரமும் அதைப் போட முடியாது. தெரிஞ்ச ஒருத்தர் வச்சாத்தான் உண்டு."

கேட்டருகே இருந்து மாப்பிள்ளை முதல் முறையாகப் பேசினார். சிரிக்கவில்லை. "சரிதான் மச்சான். நானும் அதேதான் கணக்குப் போட்டேன். சக்கரம் போடல. தெரிஞ்ச ஒருத்தர்தான் போட்டிருக்கணும். தட்டுக் கணக்கு தெரிஞ்சது உங்களுக்கும் எனக்கும்தான். நான் போடல." கொஞ்சம் நிறுத்தினார். "காலைல எனக்கு முன்னாடி வந்து மெஷினுக்கு எண்ணெய் விடுறது யாரு?"

வகுத்தலாருக்கு முகம் சிவந்துவிட்டது. "நானா? நான் எதுக்கு..."

"எனக்கு எப்படித் தெரியும்? கல்யாணத்தன்னிக்கே என்னை உங்களுக்கு ஆகல."

தங்கை இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "ஒரே பட்டறை, ஒரே புத்தி. எனக்கு வாய்ச்சது ரெண்டும் இப்படி" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். மாப்பிள்ளை கேட்டைச் சத்தமில்லாமல் சாத்தினார். ஓங்கி அறைந்திருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது வகுத்தலாருக்கு. அவ்வளவு நிதானமாகச் சாத்துகிறவன் எதையோ மனதில் வைத்திருக்கிறான் என்று அப்போதும் ஓர் எண்ணம் ஓடியது.

மறுநாள் இயந்திரத்தைத் தொட ஆளில்லை. "தப்பு வந்தா எங்க தலையிலயும் கட்டுவீங்க" என்று மற்ற ஓட்டுநர்கள் கைகட்டி நின்றார்கள். முதலாளி வகுத்தலாரைப் பார்த்தார்.

"நானே ஓட்டறேன்" என்றார் வகுத்தலார். நேற்றுக் கேட்டருகே கேட்ட பேச்சு அவரை உறுத்திக்கொண்டிருந்தது. தாம் ஓட்டினால் ஒரு சரிவும் வராது, ஊர் வாய் அடங்கும்.

பக்கவாட்டுக் கதவுக்குத் தம் சொந்தப் பூட்டைப் போட்டு, இழுத்துப் பார்த்தார். மணி அடிக்கும் அந்த எண்ணும் கருவியைக் கழற்றித் தம் பையில் வைத்துக்கொண்டார். இயந்திரத்தைச் சுற்றி யாரும் வராதபடி காகிதக் கட்டுகளை அடுக்கினார். ஓட்ட ஆரம்பித்தார். டோக்கன் பட்டை சலசலவென்று இறங்கியது. கண் வலிக்கப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

ஓர் எண் சரிந்து விழுந்தது.

நிறுத்தினார். சுற்றிலும் பார்த்தார். எவனோ முன்பே உள்ளே ஏதோ செய்து வைத்திருக்கிறான். அதன் மிச்சமாக இருக்கும். அந்த எண்ணோடு 4087ஐக் கூட்டி, வரும் எண்ணை உள்ளங்கையில் எழுதிக்கொண்டு மறுபடி ஓட்டினார். அந்த எண் நெருங்கியபோது கைகள் இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு, ஓர் அடி தள்ளி நின்றார். மற்றவர்கள் டீக்குப் போயிருந்தார்கள். கூடத்தில் ஒரு மனிதர் கிடையாது.

அதே எண்ணில், அதே சரிவு.

இயந்திரம் ஓடிக்கொண்டேயிருந்தது. அதை நிறுத்தக்கூடத் தோன்றாமல் நின்றார். மாப்பிள்ளை வீட்டில் இருக்கிறார். அவரை விட்டால் தட்டுக் கணக்கு தெரிந்தவர் தாம் ஒருவரே. தாம் செய்யவில்லை. இது ஒன்று மட்டும் வகுத்துப் பார்க்காமலே அவருக்குத் தெரிந்த உண்மை. இத்தனை வருடத்தில், குற்றவாளியாக இருக்கக்கூடிய ஓர் ஆள் குற்றமற்றவர் என்று அவருக்கு முழு நிச்சயமாகத் தெரிந்தது இதுதான் முதல் தடவை. ஆள்கள் தீர்ந்துவிட்டார்கள். பாக்கி இருந்தது எண் மட்டும்தான். அதைத்தான் அவர் சந்தேகப்படவே இல்லை.

சுண்ணக்கட்டியை எடுத்து இயந்திரத்தின் மூடியிலேயே எழுத ஆரம்பித்தார். நாற்பத்தேழுக்கு அடுத்து எது என்று யோசிக்க வேண்டியிருந்தது. அந்தப் பக்கம் போயே பழக்கமில்லை. ஐம்பத்து மூன்று, மீதி ஆறு. ஐம்பத்தொன்பது, மீதி பதினாறு. அறுபத்தொன்று: ஆறு தடவை போக நாற்பத்திரண்டு நின்றது. ஏழை இறக்கினால் நானூற்று இருபத்தேழு. ஏழு தடவை. மீதி இல்லை.

அறுபத்தொன்றையும் அறுபத்தேழையும் பெருக்கிப் பார்த்தார். கீழிருந்து மேலாக இன்னொரு தரம் பெருக்கினார். 4087.

இரண்டு ஒண்டிக்கட்டைகள் கைகோத்துக்கொண்டு, ஒரே ஒண்டிக்கட்டைபோல நின்றிருக்கின்றன. பட்டறையின் விதி பொய் சொல்லவில்லை. தட்டில் உட்காராது என்றுதான் அது சொன்னது. எதாலும் வகுபடாது என்று அதைப் படித்தது அவர். ஐம்பத்து மூன்றின் வர்க்கம் இரண்டாயிரத்து எண்ணூற்று ஒன்பது. அதற்குக் கீழே இருக்கும்வரை இரண்டும் ஒன்றுதான். தட்டில் சிக்காத எண் எதிலுமே சிக்காது. பட்டறையில் அதற்கு மேல் போக யாருக்கும் ஒரு நாளும் அவசியம் வந்ததில்லை. ஆனால் அவர் போயிருக்கிறார். மீட்டரிலும் மாத்திரை அட்டையிலும் கண்ட ஆறிலக்க, ஏழிலக்க எண்கள் எத்தனையை இதே விதியால் ஒண்டிக்கட்டை என்று முத்திரை குத்தி மறந்திருக்கிறார்! அந்த எண்கள் பரவாயில்லை, அவற்றுக்கு வீடு வாசல் கிடையாது.

முதலாளி சுண்ணக் கோலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். "நேத்து ஆளுன்னீங்க."

"நேத்து தப்பா சொல்லிட்டேன்."

"இன்னிக்குச் சொல்றது சரின்னு நான் எப்படி நம்பறது?"

"நம்ப வேண்டாம். சீலை உடைங்க. உள்ள அறுபத்தொண்ணும் அறுபத்தேழும் இல்லன்னா, நானும் மாப்பிள்ளை மாதிரியே வீட்டுக்குப் போறேன்."

உடைத்தார்கள். மசகு வழிய இரண்டு சக்கரங்கள் ஒன்றையொன்று கடித்துக்கொண்டிருந்தன. கழற்றித் துடைத்து எண்ணினார். சிறியதில் அறுபத்தொன்று, பெரியதில் அறுபத்தேழு. ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு பல் தேய்ந்து மெலிந்திருந்தது. தேய்ந்த பல் நல்ல பல்லோடு சேரும்போது தெரியவில்லை. தேய்ந்தது இரண்டும் நேருக்கு நேர் வரும்போது மட்டும் சக்கரம் வழுக்கியது, எண் சரிந்தது. ஒரு டோக்கனுக்கு ஒரு பல் என்று நகர்ந்து, அந்த இரண்டும் மறுபடி சந்திக்க நாலாயிரத்து எண்பத்தேழு டோக்கன் ஆகும். மதிய ஷிப்டில் வெறும் பட்டை ஓடும்போதும் இதே சக்கரங்கள்தான் சுற்றின. எண் இல்லாததால் சரிந்தது யார் கண்ணுக்கும் படவில்லை, அவ்வளவுதான். மறுநாள் காலை கணக்கு எங்கோ புதிதாக ஆரம்பித்ததுபோலத் தோன்றியதற்கும் அதுவே காரணம்.

"இப்படி எசகுபிசகா ஏன் செஞ்சான்? அறுபதும் எழுபதும்னு ரவுண்டா வைக்க வேண்டியதுதானே?" என்றார் முதலாளி.

"அப்படி வச்சா ஒரே பல்லு ஒரே பல்லோட அடிக்கடி மோதும். அந்த எடம் சீக்கிரம் தேஞ்சிடும். இப்படி வச்சா ஒவ்வொண்ணும் எதிர்ல இருக்கிற எல்லாரையும் ஒரு தரம் பாத்துட்டுத்தான் பழைய ஆள்கிட்ட வரும்." சொல்லிக்கொண்டே கையைத் துடைத்தார். "நான் போய்க் கூட்டிட்டு வரேன்."

தங்கை வீட்டுக் கதவு பாதி திறந்திருந்தது. மாப்பிள்ளை தரையில் உட்கார்ந்து, இஸ்திரிப் பெட்டியின் வயரை மாற்றிக்கொண்டிருந்தார். தங்கை உட்காரச் சொல்லவில்லை. நின்றபடியே வகுத்தலார் எல்லாவற்றையும் சொன்னார். அறுபத்தொன்று என்றதும் மாப்பிள்ளையின் உதடு அசைந்தது. மனதுக்குள் பெருக்குகிறார் என்று தெரிந்தது.

"நானும் நாப்பத்தேழோட நிறுத்திட்டேன்" என்றார் கடைசியில்.

"நம்ம ரெண்டு பேரும்தான் நிறுத்தினோம். நீங்களும் என்னைத்தானே சந்தேகப்பட்டீங்க?"

"ஆமா, பட்டேன். ஆனா நான் போய் யார்கிட்டயும் சொல்லலையே மச்சான்."

மாப்பிள்ளை வயரின் திருகை இறுக்கி முடித்தார்.

"வேலைக்கு வாங்க. முதலாளி வரச் சொல்லிட்டாரு" என்றார் வகுத்தலார்.

"வரேன். அந்தச் சக்கரத்தை முதல்ல நான் பாக்கணும்."

"நான் எண்ணிட்டேன் மாப்பிள்ளை. முதலாளி எதிர்லதான்..."

"நீங்க எண்ணினீங்க, சரி." மாப்பிள்ளை சட்டையை மாட்டினார். "நான் பாக்கணும்."

"நானும் வரேன்" என்றாள் தங்கை.

மூவரும் தெருவில் ஒருவர் பின் ஒருவராக நடந்தார்கள். அச்சகத்தில் எல்லோரும் வேலையில் இருந்தார்கள். அவர்களைக் கண்டதும் ஒவ்வோர் இயந்திரமாக நின்றது. முதலாளி, "வாப்பா, எல்லாம் தெளிவாயிடுச்சு, நாங்க எண்ணிப் பாத்துட்டோம்" என்று முன்னால் வந்தார். "இருக்கட்டும்" என்றார் மாப்பிள்ளை.

மேசைமேல் சிறிய சக்கரத்தில், எங்கே ஆரம்பித்தோம் என்று தெரிய வகுத்தலார் ஒரு பல்லில் சுண்ணக் குறி போட்டு வைத்திருந்தார். மாப்பிள்ளை அதைக் கட்டைவிரலால் அழித்தார். வேறொரு பல்லில் தாமே குறி போட்டார். விரல் நகத்தால் ஒவ்வொரு பல்லாகத் தள்ளி, வாய்விட்டு எண்ணினார். நடுவில் ஒரு முறை வகுத்தலார் ஏதோ சொல்ல வாயெடுத்தார். தங்கை திரும்பிப் பார்த்ததும் மூடிக்கொண்டார். குறி வந்து சேர்ந்தது. மாப்பிள்ளை சக்கரத்தைத் திருப்பிப் பிடித்து, மறுபக்கமாக இன்னொரு தரம் எண்ணினார்.

"அறுபத்தொண்ணு" என்றார். யார் முகத்தையும் பார்க்கவில்லை. "அந்த இன்னொண்ணு?"

வகுத்தலார் பெரிய சக்கரத்தைத் தம் சட்டையிலேயே துடைத்து நீட்டினார். தங்கை குறுக்கே கையை நீட்டி அதை வாங்கிக்கொண்டாள்.

"இதை நான் எண்ணுறேன்" என்றாள். "சுண்ணக்கட்டி எங்க?"